ஒயில் பில்டரை எத்தனை தடவைக்கு ஒருமுறை மாற்றுவது? உப்புவெளித் தம்பி ஒருவருக்கு விரிவான பதில்

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் தம்பி ஒருவர் தமது காரைப் பற்றிக் கேட்டிருந்தார். கார் 2008ஆம் ஆண்டு டொயோட்டா ஆக்சியோ, 1500 சீசீ பெற்றோல் என்ஜின், இதுவரை 140,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு உட்துறைமுக வீதியிலுள்ள வேலைத்தலத்துக்குப் போவதும் பின்னேரம் திரும்புவதும்தான் அதன் அன்றாட ஓட்டம். சேர்விஸ் நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் ஒயிலோடு பில்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து வாகனம் பார்க்கும் மெக்கானிக்கோ ஒரு தடவை விட்டு ஒரு தடவை மாற்றினால் போதும் என்கிறார். காருடன் வந்த ஜப்பானியக் கைநூலை ஒருவரைக் கொண்டு வாசித்துப் பார்த்தால் அதில் 15,000 கிலோமீற்றர் என்று இருக்கிறது. மூன்றில் எதை நம்புவது என்பது முதல் கேள்வி. கடைசியாக ஒயில் மாற்றி ஏழு மாதமாகிறது, ஓடியது 3,200 கிலோமீற்றர்தான், அடுத்த மாதம் கொழும்புக்குப் போகவேண்டியிருக்கிறது, போவதற்கு முன் மாற்றுவதா, வந்தபின் மாற்றுவதா என்பது இரண்டாவது கேள்வி.

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பில்டரையும் மாற்றுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு அது 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. இரண்டில் எது முந்தி வருகிறதோ அதுவே கணக்கு. கிலோமீற்றர் இன்னும் இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், மாதக் கணக்குப்படி உங்கள் கார் ஏற்கனவே ஒரு மாதம் பிந்திவிட்டது. ஆகவே பயணத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். ஆனால் அந்த மெக்கானிக் சொன்னதும் வெறும் பேச்சல்ல, கைநூலில் இருப்பதும் பொய்யல்ல. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு நிலைமைகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். அதை விளங்கிக்கொள்ள, பில்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு புதிய பில்டரைக் கையில் எடுத்து வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் மரை வெட்டிய பெரிய துளை ஒன்றும் அதைச் சுற்றிச் சிறு துளைகளும் இருக்கும். என்ஜினின் அடித்தட்டான சம்ப்பில் கிடக்கும் ஒயிலைப் பம்ப் உறிஞ்சி, அந்தச் சிறு துளைகளின் வழியாகத் தகரப் பேணிக்குள் தள்ளுகிறது. உள்ளே விசிறி போல மடிக்கப்பட்ட காகிதம் வட்டமாக நிற்கிறது. ஒயில் அந்த மடிப்புகளின் வெளிப்புறத்திலிருந்து உட்புறத்துக்குக் கசிந்து, நடுத்துளை வழியாக வெளியேறி, கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும் மேலே கேம் தண்டுக்கும் போகிறது. சாதாரணமான காகித பில்டர் பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையான துகள்களையும் அதற்கு மேற்பட்டவற்றையும் பிடித்துவைக்கும். மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்பதை நினைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத மணலையும் உலோகப் பொடியையும் அந்தக் காகிதம் தடுத்து நிற்பது விளங்கும்.

காகிதத்தோடு இரண்டு வால்வுகளும் பேணிக்குள் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இவற்றில்தான் இருக்கிறது. முதலாவது, ரப்பராலோ சிலிகோனாலோ செய்த மெல்லிய தட்டு. என்ஜினை நிறுத்தியதும் பில்டரிலுள்ள ஒயில் திரும்பச் சம்ப்புக்கு வடிந்துவிடாமல் அது சிறு துளைகளை மூடிக்கொள்கிறது. இந்த ரப்பர் சூட்டில் கிடந்து கிடந்து விறைத்துப்போனால் இரவில் பில்டர் காலியாகிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒயில் விளக்கு அணைய ஓரிரு நொடி கூடுதலாக எடுக்கும், என்ஜினின் மேற்பகுதியில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டு மறையும். ஒயில் போய்ச்சேராத அந்தச் சில நொடிகளில் என்ஜின் பாகங்கள் தேயும்.

இரண்டாவது, மாற்றுவழி வால்வு. காகிதம் அடைபட்டுப் போனாலோ, ஒயில் மிகவும் தடிப்பாக இருந்து காகிதத்தை ஊடுருவ முடியாவிட்டாலோ, அந்த வால்வு திறந்து ஒயிலை வடிகட்டாமலே உள்ளே விட்டுவிடும். ஒயில் போகாமல் என்ஜின் பிடித்துக்கொள்வதை விட அழுக்கு ஒயிலாவது போவது நல்லது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள்: அடைபட்ட பில்டர் எந்த அறிகுறியும் காட்டாது. விளக்கு எரியாது, சத்தம் வராது, கார் வழக்கம்போல ஓடும். உள்ளே போகும் ஒயில் மட்டும் வடிகட்டப்படாமல் போய்க்கொண்டிருக்கும். பழுது தெரிந்த பின் மாற்றலாம் என்று பில்டர் விடயத்தில் காத்திருக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி மெக்கானிக் சொன்னதைப் பார்ப்போம். நல்ல பில்டர் 5,000 கிலோமீற்றரில் அடைபடுவதில்லை. அதுமட்டுமல்ல, கொஞ்சம் அழுக்குச் சேர்ந்த காகிதம் புதிய காகிதத்தை விடச் சிறிய துகள்களையும் பிடிக்கும். ஒரு தடவை விட்டு ஒரு தடவை என்ற வழக்கத்தை வாகன உற்பத்தியாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ஹொண்டா கார்களின் பராமரிப்பு அறிவிப்பில் ‘ஏ’ என்று வந்தால் ஒயில் மட்டும், ‘பீ’ என்று வந்தால் ஒயிலும் பில்டரும் என்று ஒரு முறை இருக்கிறது. 3,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மினரல் ஒயிலை மாற்றிய அந்தக் காலத்தில், பில்டரை 6,000 வரை விட்டுவைத்தவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. உங்கள் மெக்கானிக் அந்தக் காலத்திலிருந்து கைவைத்து வந்தவர். அவருடைய அனுபவம் மெய்யானது.

இருந்தும் ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள் என்று சொல்கிறேன். உங்கள் என்ஜினுக்குப் பில்டரோடு சேர்த்து மாற்றினால் 3.7 லீற்றர் ஒயில் பிடிக்கும். பில்டரை மாற்றாவிட்டால் 3.4 லீற்றர்தான். அந்த வித்தியாசம், அதாவது 0.3 லீற்றர், பழைய பில்டருக்குள் தங்கிவிடும் கழிவு ஒயில். புதிதாக ஊற்றியது முழுவதும் முதல் ஸ்டார்ட்டிலேயே அந்தக் கறுப்போடு நூற்றுக்கு எட்டு வீதம் கலந்துவிடுகிறது. நல்ல செயற்கை ஒயிலை நாலு லீற்றர் கணக்கில் விலைகொடுத்து வாங்கும் ஒருவர், அதன் விலையில் சிறு பங்குகூட ஆகாத பில்டரை மிச்சம் பிடித்து ஒயிலைக் கெடுத்துக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அத்தோடு, விறைத்துப்போகும் அந்த ரப்பர் தட்டு கிலோமீற்றரை எண்ணுவதில்லை; சூட்டையும் காலத்தையும்தான் அது எண்ணுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒயில் மாற்றும் நீங்கள் ஒரு தடவை விட்டு மாற்றினால், அந்தப் பில்டர் ஒரு முழு ஆண்டு கச்சான் காற்றையும் மாரியையும் கண்டுவிடும்.

கைநூலில் இருக்கும் 15,000 கிலோமீற்றர் ஜப்பானுக்கானது. அதே கைநூலில் கடுமையான ஓட்ட நிலைமை என்று இன்னொரு பட்டியல் இருக்கும். உங்களுக்கு வாசித்துச் சொன்னவர் அந்தப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது. கடுமையான நிலைமைக்கு டொயோட்டா சொல்வது அதில் பாதி, அதாவது 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். எது கடுமை? மலையேறுவதும் பாரம் இழுப்பதும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். புழுதியான, செப்பனிடாத வீதியில் ஓடுவது கடுமை. நின்ற இடத்திலேயே என்ஜினை நெடுநேரம் ஓடவிடுவது கடுமை. ஒரு பயணம் எட்டுக் கிலோமீற்றருக்குள் முடியும் குறுந்தூர ஓட்டத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதும் கடுமைதான். உப்புவெளியிலிருந்து நகருக்குள் வருவது ஐந்து கிலோமீற்றர் அளவுதான். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை ஏசியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் கால் மணி நேரத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக, பத்திரமாக ஓட்டும் உங்கள் கார்தான், கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் ஓடித்திரியும் வாடகைக் காரை விட ஒயிலைக் கூடுதலாக வருத்துகிறது.

குளிர்ந்த என்ஜினில் பெற்றோல் முழுவதும் எரிவதில்லை. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலக்கும். எரிதலில் உண்டாகும் நீராவியும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே வந்து நீராகப் படியும். ஒயில் நன்கு சூடாகி அரை மணி நேரம் ஓடினால் இரண்டும் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஒயில் சூடாகிவிட்டதாகாது. முள் காட்டுவது குளிர்விக்கும் நீரின் வெப்பம், ஒயில் அதற்குப் பல நிமிடம் பின்னால்தான் வரும். நம் ஊர் வெயிலில் ஜப்பானின் மாரியை விட இது விரைவாக நடக்கும் என்பது உண்மையே. என்றாலும் ஐந்து கிலோமீற்றரில் அந்த நிலைக்கு வருவது கடினம். மாதக்கணக்காக அப்படி ஓடிய காரின் ஒயில் மூடியைத் திறந்து உட்புறத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பழுப்பு வெண்ணெய் போல ஒரு பசை ஒட்டும். அந்த ஈரமும் அமிலமும் பில்டர் காகிதத்தையும் ஊறவைக்கின்றன.

புழுதியைப் பற்றி ஒரு சொல். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் வீசும் மாதங்களில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் காற்றோடு எழும்பும். அது என்ஜினுக்குள் போகும் வழி ஒயில் பில்டர் அல்ல, காற்று பில்டர். காற்று பில்டர் கிழிந்தோ சரியாக அமராமலோ இருந்தால் எவ்வளவு நல்ல ஒயில் பில்டர் போட்டும் பயனில்லை. மணலின் சிலிக்கா முதலில் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிட்டுத்தான் ஒயிலுக்கு வரும். ஒயில் மாற்றப் போகும்போது அதையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பில்டர் செய்யாததையும் சொல்ல வேண்டும். ஒயில் கறுப்பது பில்டர் கெட்டதால் அல்ல. அந்தக் கரி காகிதத்தின் கண்ணை விடப் பன்மடங்கு சிறியது, தாராளமாக ஊடே போய்விடும். அமிலத்தையும் நீரையும் கலந்த பெற்றோலையும் பில்டர் பிரிப்பதில்லை. ஒயிலிலுள்ள சேர்மானங்கள் தீர்ந்துபோனால் அவற்றைப் பில்டர் திருப்பித் தருவதும் இல்லை. விலைகூடிய பில்டர் போட்டுவிட்டேன், இனி ஒயிலைப் பத்தாயிரம் வரை இழுக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்புகிறார்.

எந்தப் பில்டரை வாங்குவது என்பதில்தான் நம் ஊரில் கூடுதலாக ஏமாறுகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் ஓடிய கார்களே திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டப்பட்டன. உதிரிப்பாகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது போலிகளும் கடைகளுக்கு வந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாகனங்களுக்குக் கீழே படுத்து வேலைசெய்கிறவன் என்ற முறையில், கழற்றிய பில்டர்களை வெட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். ஒரே பெயரும் ஒரே நிறமும் அச்சிட்ட இரண்டு பில்டர்களை ஒருநாள் மேசையில் வைத்து, தகரம் வெட்டும் கருவியால் விளிம்பைச் சுற்றி வெட்டினேன். ஒன்றில் மடிப்புகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில், கத்தியால் கீறியது போல் நேராக நின்றன; விரலால் அழுத்தினால் திரும்ப நிமிர்ந்தன. மற்றதில் மடிப்புகள் அதில் பாதியளவுதான் இருந்தன. ஒரு பக்கம் கொத்தாகச் சேர்ந்து மறுபக்கம் இடைவெளியாகக் கிடந்தன. காகிதம் நனைந்த அப்பளம் போலத் துவண்டு, ஓரத்தில் பசை விட்டு ஒரு சிறுவிரல் நுழையுமளவு பிளந்திருந்தது. ஒயில் முழுவதும் அந்தப் பிளவு வழியாகத்தான் போயிருக்கிறது. பின்வடிதலைத் தடுக்கும் ரப்பர் அதில் கறுத்த கடதாசி போல மடங்கியபடியே நின்றுவிட்டது. வெளியில் பார்க்க இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

வாங்கும்போது வெட்டிப் பார்க்க முடியாது. ஆனால் கையில் எடுத்து எடை பாருங்கள், வாய்த்துளை வழியாக உள்ளே ரப்பர் சீராக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், மரை சுத்தமாக வெட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உற்பத்தியாளரின் முகவரிடமோ நீண்ட நாள் நம்பிக்கையுள்ள கடையிலோ வாங்குங்கள். கார் நிறுவனத்தின் சொந்தப் பெயரில் வருவதுதான் வேண்டும் என்பதில்லை. பெயர்பெற்ற பில்டர் நிறுவனங்களுடையவையும் அதற்கு ஈடானவையே. ஒயிலும் அப்படித்தான். பெயரை விடப் பேணியில் எழுதியிருக்கும் தரமே முக்கியம். உங்கள் என்ஜினுக்கு 5டபிள்யூ-30 என்ற தடிப்புக் குறியுள்ள ஒயில் பொருந்தும். நமது திருகோணமலையிலேயே கலந்து பேணியில் அடைக்கப்படும் ஒயிலும் கடைகளில் கிடைக்கிறது. தரக்குறி சரியாக இருந்தால் தாராளமாகப் பாவிக்கலாம்.

பூட்டும் வேலையில் நடக்கும் ஒரு பிழையை நான் மறக்க மாட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேரமில்லாததால் எனது வானை ஒரு சேர்விஸ் நிலையத்தில் கொடுத்து ஒயிலும் பில்டரும் மாற்றுவித்தேன். மறுநாள் கந்தளாயைத் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே என்ஜினை நிறுத்தி இறங்கிப் பார்த்தால், வந்த வழி நெடுக ஈரக் கோடு, வண்டியின் அடிப்பாகம் முழுவதும் ஒயில். பழைய பில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதிய பில்டரை அதன் சொந்த வளையத்தோடு பூட்டிவிட்டார்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று நின்றால், நிறுத்தி வைத்திருக்கும்போது கசியாது. வேகமெடுத்து அழுத்தம் கூடியதும் ஒன்று பிதுங்கி வெளியே வந்துவிடும். விளக்கு எரிந்ததும் நிறுத்தியதால் என் என்ஜின் தப்பியது. கராஜ் வந்துவிடும் என்று இன்னும் இரண்டு கிலோமீற்றர் ஓட்டியிருந்தால் பேரிங்குகள் போயிருக்கும்.

ஆகவே உங்கள் காரில் வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பில்டரில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். என்ஜினில் பில்டர் அமரும் முகத்தைத் துணியால் துடைத்து, புதிய வளையத்தில் புதிய ஒயிலை விரலால் பூசி, கையால்தான் பூட்ட வேண்டும். வளையம் முகத்தைத் தொட்டபின் முக்கால் சுற்று, அவ்வளவுதான். இறுக்கும் கருவியை வைத்துப் பலம் கொண்ட மட்டும் இறுக்குகிறவர்கள் அடுத்த தடவை கழற்றுகிறவருக்கு வேதனை வைக்கிறார்கள். வளையமும் நசுங்கிக் கெடுகிறது. வடிதுளை ஆணியின் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஒயில் ஊற்றி ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஒயில் குச்சியில் அளவு பாருங்கள். கடற்கரைப் பக்கத்தில் வீடிருப்பதால் பில்டர் பேணியின் வெளிப்புறம் துருப்பிடித்திருக்கிறதா என்று இடையிடையே கவனிப்பதும் நல்லது. ஒரு வருடத்துக்கு மேல் விட்ட பேணிகளில் உப்புக்காற்று தகரத்தை அரித்திருப்பதை உப்புவெளி, நிலாவெளிக் கார்களில் கண்டிருக்கிறேன்.

வேறு வாகனம் வைத்திருப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் போன்ற சில கார்களில் பேணி கிடையாது. நிரந்தரமான மூடிக்குள் காகிதத்தை மட்டும் மாற்றுவார்கள், அதனோடு வரும் ஓ வளையத்தைத் தவறாமல் மாற்ற வேண்டும். ஹைப்ரிட்டில் என்ஜின் பாதி நேரம் ஓய்வெடுக்கிறது என்று இடைவெளியை நீட்டுகிறவர்கள் உண்டு. அந்த என்ஜின் அடிக்கடி ஆறி ஆறி ஓடுகிறது என்பதால் நான் அதற்கு உடன்படமாட்டேன். 660 சீசீ டேர்போ என்ஜின்களுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதத்தைத் தாண்டவே கூடாது. டீசல் வான்களில் கரி கூடுதல் என்பதால் இரண்டையும் எப்போதும் சேர்த்தே மாற்றுங்கள். மாரி வெள்ளத்தில் நின்ற எந்த வாகனமாயினும், ஒயில் பால் தேநீர் நிறமாக மாறியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் இரண்டையும் மாற்றி, சில நாளில் திரும்பவும் மாற்ற வேண்டும். என்ஜினைப் பிரித்துப் பூட்டியிருந்தால் முதல் ஆயிரம் கிலோமீற்றருக்குள் ஒரு தடவை மாற்றுவது கட்டாயம். புதிதாகப் பூட்டிய பாகங்கள் உதிர்க்கும் உலோகப் பொடி முழுவதும் அந்த முதல் பில்டரில்தான் சேரும்.

கழற்றிய பில்டரைக் குப்பையில் எறிய வேண்டாம். வாயைக் கீழாக வைத்து ஒரு இரவு முழுவதும் வடியவிட்டால் உள்ளே தங்கிய ஒயில் வரும். அதைப் பழைய ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். நம் ஊரில் வாய்க்காலில் ஊற்றுவது எல்லாம் மழை பெய்த மறுநாள் கடலில்தான் நிற்கும். அந்தக் கடலில்தான் நம் சனங்கள் வலை போடுகிறார்கள்.

இனிக் கொழும்புப் பயணம். போக ஏறத்தாழ 260 கிலோமீற்றர், வரவும் அவ்வளவு. ஏழு மாதம் குறுந்தூரம் ஓடிய ஒயிலோடு ஹபரணை தாண்டி நீண்ட நேரம் வேகமாக ஓடும்போது, கலந்திருந்த பெற்றோலும் நீரும் ஆவியாகிப் போக ஒயில் மட்டம் திடீரென்று இறங்கியது போலத் தெரியலாம். குச்சியில் சரியாக இருந்த அளவு உண்மையில் ஒயிலின் அளவாக இருந்திராது. புறப்படும் நாளுக்கு முதல்நாள் மாற்றாதீர்கள், ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு தடவை நிலாவெளி வரை போய்த் திரும்பி, காரை வீட்டுச் சீமெந்துத் தரையில் நிறுத்தி, அடியில் ஒரு பழைய பத்திரிகைத் தாளை விரித்துவையுங்கள். காலையில் தாளில் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் குச்சியில் அளவும் சரியாக இருந்தால், மாற்றிய திகதியையும் மீற்றரிலுள்ள எண்ணையும் பில்டர் பேணியின் மேலேயே அழியாத மையால் எழுதிவிட்டுப் புறப்படலாம்.